எஞ்சினுக்கு வெள்ளிக்கிழமைப் பூ

என் மனைவி பஞ்சவர்ணம் பைக் ஓட்டுவாள். நான் பின்னால் உட்காருவேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பலரிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லைசென்ஸ் எடுக்க முதலில் ஆசைப்பட்டவன் நான்தான். பயிற்சி மைதானத்தில் ஒடுக்கமான பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் பைக்கை நேராக ஓட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் நான் பாதியிலேயே பலகையை விட்டு இறங்கி வேறு பக்கம் போனேன். எனக்குத் துணையாக வந்தவள், சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பானேன் என்று தானும் பெயர் கொடுத்தாள். முதல் தேர்விலேயே தேறிவிட்டாள். அன்றோடு முன் இருக்கை அவளுக்கு, பின் இருக்கை எனக்கு என்று முடிவாகிவிட்டது. நானும் மல்லுக்கு நிற்கவில்லை.

அவள் ஓட்டுவது கப்சாய். சின்ன எஞ்சின், காலை மறைக்கும் தகடு, கையில் கிளட்ச் கிடையாது. இப்படிப்பட்ட பைக்கை இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய பைக் வைத்திருக்கும் பையன்கள் அதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். பஞ்சவர்ணத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தேக்காவில் சுப்பிரமணியத்தின் பூக்கடையில் மாலை கட்டுகிறாள். பூப்பெட்டிகள் விமானத்தில் வந்து இறங்கி, முதல் ரயில் கிளம்பும் முன்பே கடை வாசலில் நிற்கும். தீவின் கிழக்குக் கோடியில், தெம்பனிஸில் குடியிருக்கும் ஒருத்தி அந்த நேரத்துக்குத் தேக்கா போய்ச் சேர வேண்டுமென்றால், ஒன்று சிறகு வேண்டும், இல்லை கப்சாய் வேண்டும்.

அவள் கட்டும் மாலைக்கு ஒரு பெயர் உண்டு. அறுந்து போகாது. முன்பு அவளும் மற்றவர்களைப்போல வாழைநாரில்தான் கட்டினாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கழுத்துக்குப் போன மாலை பட்டென்று அறுந்து, ரோஜாவெல்லாம் மணவறையில் உருண்டோடியது. அது அவள் கட்டியதுகூட இல்லை, வேறு எங்கோ வாங்கியது. ஆனாலும் கேள்விப்பட்ட அன்றே நாரை ஓரம் கட்டிவிட்டு, தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய் நைலான் நரம்பு வாங்கி வந்தாள். தமிழ்நாட்டில் தங்கூசி என்பார்களே, அதுதான். கடைசி முடிச்சும் அவளே கண்டுபிடித்தது. இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே கொடுத்து வெளியே எடுத்து, பல்லால் கடித்து ஓர் இழுப்பு. "கழுத்து அறுந்தாலும் நான் கட்டின மாலை அறுந்து போகாது" என்று பெருமையாகச் சொல்லுவாள். இதைக் கல்யாண வீட்டார் காதில் விழும்படி சொல்ல வேண்டாம் என்று சுப்பிரமணியம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

அவளுடைய கப்சாயில் ஒரு நாள் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில், வண்டி நிற்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. முதலில் வேறு யாருடைய வண்டியோ என்று பஞ்சவர்ணம் அடித்துச் சொன்னாள். பக்கத்து இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்தும் ஃபர்சானா என்ற பெண், எண்ணெய் பட்ட தன் வெள்ளைச் செருப்பைத் தூக்கிக் காட்டி, "ஆன்ட்டி, உங்க பைக்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். பஞ்சவர்ணம் அட்டையைக் கிழித்து எஞ்சினுக்குக் கீழே விரித்து வைத்தாள். மறுநாள் அட்டையில் பொட்டு இல்லை. அப்பளம் அளவுக்கு வட்டம் இருந்தது.

காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் முபாரக் என்பவரின் பட்டறைக்கு வண்டி போனது. முபாரக்குக்கு நாற்பது வயதிருக்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு வறுப்பார். குனிந்து எஞ்சினின் இடது பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, சீல் போச்சோர்" என்றார். மலாயில் போச்சோர் என்றால் ஒழுகுகிறது என்று அர்த்தம். பிறந்தது முதல் இந்த ஊரிலேயே இருக்கும் என் மனைவிக்கு அது தெரியாததா? ஆனால் கவலையில் இருக்கிறவள் காதில் 'போச்சு' மட்டும்தான் விழுந்தது. "என்ன தம்பி போச்சு? வண்டியே போச்சா?" என்று கண் கலங்கிவிட்டாள். முபாரக் பயந்துபோய் அவளுக்கு உட்கார ஸ்டூல் போட்டார்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு தண்டு வெளியே வருகிறது. அதன் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதுதான் செயினை இழுக்கிறது. தண்டு சுற்ற வேண்டும், ஆனால் அது வெளியே வரும் ஓட்டை வழியாக எண்ணெய் வந்துவிடக் கூடாது. அதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல். "குக்கர் கேஸ்கட் மாதிரி" என்று பஞ்சவர்ணம் இடையில் புகுந்தாள். முபாரக் அதை ஒப்புக்கொண்டார். நாளாக நாளாக ரப்பர் இறுகிப் போகும், விளிம்பு தேயும், எண்ணெய் கசியும். இதில் யார் குற்றமும் இல்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அப்படிச் சொல்லும்போது அவர் என்னை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

வேலைக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கியர் மிதியைக் கழற்றினார், மூடியைக் கழற்றினார். உள்ளே செயின் மசகும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து கரிச்சட்டி அடிமாதிரி அப்பிக் கிடந்தது. இரண்டு சின்ன போல்ட்டை எடுத்ததும் பல்சக்கரம் செயினோடு கையில் வந்துவிட்டது. கொக்கி மாதிரி ஒரு கம்பியால் பழைய சீலை நெம்பி எடுத்தார். தண்டில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்பதால் அந்த ஒரு இடத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இடத்தைத் துடைத்து, புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, விரலால் சமமாக அழுத்தி, அதே அளவில் குழல் மாதிரி இருக்கும் சாக்கெட் ஒன்றை மேலே வைத்து டொக் டொக் என்று தட்டி உட்கார வைத்தார். எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பினால் கீழே ஒரு சொட்டு இல்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் நேரே சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய், அம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வந்தாள். வண்டி இனி ஒழுகக் கூடாது. ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குப் பூ போடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் நான் ரயிலில் தேக்காவுக்குப் போய்விடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? கடையை மூட உதவி செய்துவிட்டு, இருவரும் கோயிலுக்குப் போய், கப்சாயில் வீடு திரும்புவோம். கோயிலை விட்டு வந்ததும் வண்டிக்குப் பூ. மற்றவர்கள் கைப்பிடியில் சுற்றுவார்கள், இல்லையென்றால் விளக்குக்கு மேலே வைப்பார்கள். என் மனைவி குனிந்து, எஞ்சினின் இடது பக்கம், செயின் மூடிக்கு மேலே உள்ள கம்பியில் ஒரு முழம் சாமந்தியைக் கட்டினாள். ஏன் அங்கே என்று கேட்டேன். நோய் எங்கேயோ அங்கேதானே மருந்து வைக்க வேண்டும் என்றாள். கேட்டது என் தப்பு.

தெம்பனிஸ் வந்து சேரும்போது அந்த ஒரு முழத்தில் பாதி இருக்காது. சில வாரம் மொத்தமும் இருக்காது. காற்றில் போயிருக்கும் என்றேன் நான். "அம்மா ஏத்துக்கிட்டா" என்றாள் அவள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதற்குமேல் நான் என்ன வாதாட?

மாதம் ஒன்றிரண்டு போயிருக்கும். அட்டையில் மறுபடியும் வட்டம்.

முபாரக்கால் நம்ப முடியவில்லை. சீல் மட்டமான சரக்காக இருக்குமோ என்று தானே சந்தேகப்பட்டு, வேறொரு கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கி மாட்டினார். பழையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பு தேய்ந்த மாதிரி இல்லை, வெட்டுப்பட்ட மாதிரி இருந்ததாம். "அக்கா, பைக்ல கயிறு, நூல், இந்த மாதிரி ஏதாச்சும் கட்டினீங்களா?" என்று கேட்டார். பஞ்சவர்ணம் கொஞ்சமும் யோசிக்காமல் இல்லை என்றாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. பட்டறைக்கு வருமுன் காய்ந்த பூ ஏதாவது ஒட்டியிருந்தால் அதைப் பக்குவமாக எடுத்து மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் வருவாள். சாமிக்கு நேர்ந்த பூ எண்ணெய்த் தரையில் விழுந்து கால்படக் கூடாது அல்லவா.

அம்மனுக்குப் பூ போதவில்லை என்று பஞ்சவர்ணம் முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. ஒரு முழம் இரண்டு முழமானது. செவ்வாயன்று அரளி, வெள்ளியன்று சாமந்தி. அந்தச் சின்ன வண்டி பார்ப்பதற்குத் தேர் மாதிரி போனது. பக்தி கூடக் கூட எண்ணெயும் கூடியது. இந்த முறை சீல் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

இதுவரை எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் விழுந்தாள்.

ஒழுகிய எண்ணெயைச் செயின் வாரி இறைத்து, அது பின்சக்கரத்தில் பட்டிருக்கிறது. கார் நிறுத்தத்தின் சரிவில் திரும்பும்போது வண்டி வழுக்கிவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பதினைந்து வருடமாகச் சறுக்காதவள் அன்று சறுக்கினாள். நல்ல வேளை, வேகம் இல்லை. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. ஹெல்மெட்டோடு எழுந்து முதலில் வண்டியைத்தான் தடவிப் பார்த்தாளாம். அவள் வீட்டுக்குள் வந்து அதைச் சொன்னபோது பயத்தை வெளிக்காட்டிக்கொள்ளாமல் காபி போடப் போனேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். அவள் அதையும் முழுக்கக் குடித்துவிட்டாள்.

எங்கள் மகள் இளமதி பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அடிபட்டு வரும் பைக்காரர்களின் எலும்பெல்லாம் அவள் கண்முன்னால்தான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது பஞ்சவர்ணம் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு சோறு பரிமாறினாள். இந்தச் சிங்கப்பூர் வெக்கையில் முழுக்கை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான். இளமதி தட்டிலிருந்து கையை எடுக்காமலே இடது கையால் அம்மாவின் கையைப் பிடித்து, துணியை மேலே ஏற்றிப் பார்த்தாள்.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அதுதான் எங்கள் இருவரையும் பயமுறுத்தியது. "அம்மா, ப்ளீஸ் லா. டெய்லி நான் யாரையாச்சும் ஸ்கேன் டேபிள்ல பாக்கறேன். ஹெல்மெட்ட கழட்டறப்ப அது நீங்களா இருக்குமோன்னு ஒரு செகண்ட் தோணும். டெய்லி தோணும்" என்றாள்.

பஞ்சவர்ணம் கரண்டியைக் கீழே வைத்தாள். பேச்சில் அவளை யாரும் மடக்க முடியாது. அன்று சொல் தேடினாள். "வீட்டுல இருந்தா நான் உனக்கு அம்மா, இவருக்குப் பொண்டாட்டி. கடைக்குப் போனா சுப்பிரமணியம் சொல்றபடி கேக்கறவ. நடுவுல அந்த ரோட்டுல போற நேரம் மட்டும்தான்டி நான் யாருக்கும் ஒண்ணும் இல்ல. அதையும் விடச் சொல்றியே" என்றாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். வருடாந்தரப் பரிசோதனைக்கு வண்டியைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஒழுகும் வண்டியைப் பரிசோதனை நிலையத்தில் தேற விடமாட்டார்கள். கடைசியாக ஒரு தடவை சீல் மாற்றுவது. பரிசோதனையில் ஒழுக்கு இல்லை என்று சொன்னால் வண்டி இருக்கும், ஒழுகினால் அன்றே பதிவை ரத்து செய்து வண்டியை ஒப்படைத்துவிடுவது, பிறகு பைக் பேச்சே இல்லை. இளமதி என்னைச் சாட்சி வைத்துக்கொண்டு சரி என்றாள். அன்றும் நான் பின் இருக்கைதான்.

முபாரக் இந்த முறை சிரிக்கவில்லை. சீல் மேல் தப்பில்லை, தண்டைத் தாங்கும் பேரிங் ஆடுகிறது போலிருக்கிறது என்றார். அப்படியென்றால் எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். இந்த வயதில் இந்த வண்டிக்கு அது வீண் வேலை. எதற்கும் திறந்து பார்ப்போம், அக்கா மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். பஞ்சவர்ணம் ஸ்டூலில் உட்காரவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். டார்ச் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

மூடி வந்தது, பல்சக்கரம் வந்தது. முபாரக் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அவர் முகம் குழம்பியது. வழக்கமாக அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார். இந்த முறை துணியை வைத்துவிட்டு, கொக்கிக் கம்பியால் அந்தக் கறுப்புப் பிசுக்கைச் சுரண்டினார். ஒரு வளையம் மாதிரி ஏதோ தண்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதன் ஒரு பக்கம் சீலின் உதட்டுக்குள்ளேயே புகுந்திருந்தது. பிளேடால் அறுத்து எடுத்து, ஒரு டப்பா மண்ணெண்ணெயில் போட்டு அலசினார். கறுப்பு கரைந்தது. உள்ளே கண்ணாடி மாதிரி நரம்பு, சுருள் சுருளாக.

"யாரோ வேணும்னே சுத்தி விட்ட மாதிரி இருக்குக்கா" என்றார் முபாரக். "இது தூண்டில் நரம்பு. எவ்ளோ சுத்து பாருங்க. இதான் கத்தி மாதிரி சீல அறுத்திருக்கு. உங்களுக்கு யாரும் ஆகாதவங்க இருக்காங்களா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கார் நிறுத்தத்தில் எங்கள் வண்டியை முறைத்துப் பார்க்கும் ஒன்றிரண்டு பேரின் முகம் மனதில் வந்து போனது. வெள்ளைச் செருப்பு ஃபர்சானாவைக்கூட நினைத்துவிட்டேன், பாவம். போலீசுக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். பஞ்சவர்ணம் டப்பாவுக்குள் கையை விட்டு அந்தச் சுருளை எடுத்தாள். விரலால் நீவி நீவி நுனிக்குப் போனாள். அங்கே ஒரு முடிச்சு இருந்தது. டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு சுற்று, நுனி உள்ளே போய் வெளியே வந்திருந்தது.

"இது என் முடிச்சுங்க" என்றாள்.

முபாரக்குக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்க வேண்டியிருந்தது. வேண்டுதல், வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, சாமந்தி, அரளி. பூ உதிர்ந்ததும் வெறும் நரம்பு காற்றில் ஆடிச் செயினோடு உள்ளே போய்த் தண்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் சீல் வயதாகிப் போனது. மற்ற இரண்டையும் அறுத்தது அவள் கட்டிய பூதான். அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அவள் பூரித்த ஒவ்வொரு முழத்தையும் ஏற்றுக்கொண்டது அந்தப் பல்சக்கரம்.

"நான் அப்பவே கேட்டேனேக்கா. கயிறு நூல் ஏதாச்சும் கட்டினீங்களான்னு."

"நான் பூதானே தம்பி கட்டினேன்?"

அவள் சொன்னதில் முபாரக்கால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. தமிழில் யாரும் நூல் கட்டினேன் என்று சொல்லிக்கொண்டு பூ வைத்துக்கொள்வதில்லை. பூக்கடையில் வேலை செய்கிறவளுக்கு நரம்பு கண்ணிலேயே படாது, பூதான் படும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; பிடித்த குரங்கை வாரத்துக்கு இரண்டு தடவை கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். முதலில் சிரித்தது நான். என்னை முறைத்துக்கொண்டே அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, கடைசியில் எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரிங் நன்றாக இருக்கிறது, எஞ்சினைப் பிளக்க வேண்டியதில்லை என்று முபாரக் சொன்னபோது அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கே தெரியவில்லை.

புதுச் சீலைத் தானே தட்டுவேன் என்று அடம்பிடித்தாள். முபாரக் சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, மாலை கட்டும் அந்தக் கை சின்னச் சுத்தியலை எடுத்து, ஓரத்தில் ஒன்று, எதிர் ஓரத்தில் ஒன்று என்று மெதுவாகத் தட்டியது. ஒரே மட்டமாக உட்கார்ந்தது.

பரிசோதனை நாளில் இளமதி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தாயும் மகளும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றார்கள். அங்கிருந்த ஊழியர் விளக்கைப் போட்டார், ஹார்னை அடித்தார், பிரேக்கைப் பார்த்தார். பிறகு குனிந்து இடது பக்கம் டார்ச் அடித்தார். எதையோ பார்த்துவிட்டவர்போல் இன்னும் குனிந்தார். பஞ்சவர்ணத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது; வேண்டுதல் ஏதும் வைத்துவிடாதே தாயே என்று நான் என் மனசுக்குள் வேண்டினேன். அவர் விரலால் ஒரு தடவு தடவி, விரலைப் பார்த்து, பேன்ட்டில் துடைக்காமலே எழுந்து அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். தேறிவிட்டது.

இளமதி ஹெல்மெட்டை எடுத்து அம்மாவின் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். "மழைன்னா ட்ரெய்ன். ஓகேவா?" என்றாள். பஞ்சவர்ணம் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலில் என் வீட்டில் சமாதானம் வந்தது.

ஆனால் பஞ்சவர்ணத்துக்கு இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது. ஒழுக்கு நின்றுவிட்டது, அம்மன் தன் வேலையைச் செய்துவிட்டாள். இவள் சொன்ன வாக்கு? வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குப் பூ. கைப்பிடியில் கட்டினால் சறுக்கும், கண்ணாடியில் கட்டினால் பறக்கும், கூடையில் வைத்தால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? வண்டியில் எங்கே பூவைப் பார்த்தாலும் இனி அவளுக்குச் செயின்தான் கண்ணில் தெரியும். விட்டுவிடேன், அம்மன் புரிந்துகொள்வாள் என்றேன். சொன்ன சொல்லை விட்டுவிட்டு அம்மன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க, வேண்டும்போது தான் சொன்ன வார்த்தைகளை வக்கீல் மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலை விட்டு வெளியே வந்தோம். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவள் ஏறவில்லை. பையிலிருந்து ஒரு மாலையை எடுத்தாள். முழம் கணக்கு இல்லை. ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய, நெஞ்சுவரை தொங்கும் முழு மாலை. ஹெல்மெட்டுக்கு மேலாகக் கொண்டுபோய் என் கழுத்தில் போட்டாள்.

"என்னடி இது?"

"வண்டிக்குப் பூ போடறேன்னுதான் வேண்டிக்கிட்டேன். எஞ்சினுக்குன்னு சொல்லல. நீங்களும் இந்த வண்டியோட சேர்ந்தவருதானே? பேசாம பிடிச்சுக்கிட்டு வாங்க. பறக்க விட்டுடாதீங்க."

கல்யாணத்தன்று அவள் எனக்கு மாலை போட்டபோது தலையைக் குனிந்திருந்தாள். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். அறுபது தாண்டியவன் நடுத்தெருவில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து கண் கலங்கினால் நன்றாகவா இருக்கும் என்று ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டேன்.

சிராங்கூன் சாலைச் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பக்கத்தில் வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் ஊழியர்களோடு ஒரு லாரி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முகம் முழுக்கச் சிமெண்ட் தூசியோடு இருந்த ஒரு பையன் லாரியின் விளிம்பில் சாய்ந்து, "அண்ணே, கல்யாணமா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்குமுன் பஞ்சவர்ணம், முன்னால் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"ஆமா தம்பி. வாராவாரம் நடக்கும்."

லாரி முழுக்கச் சிரித்தது. பச்சை விழுந்ததும் அவள் கியரைத் தட்டினாள். நான் ஒரு கையால் மாலையையும் இன்னொரு கையால் அவளையும் பிடித்துக்கொண்டேன்.